ஃபுட்பேக் நெட்: முதல் உதையைத் திருத்தும் பயிற்சிகள் (கேள்வி பதில்)

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பையை, வலைக்கு இருபுறமும் நின்று காலால் மட்டுமே உதைத்து ஆடும் ஃபுட்பேக் நெட் ஆட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். 1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் சிட்டியில் மைக் மார்ஷலும் ஜான் ஸ்டால்பெர்கரும் கையால் தைத்த ஒரு பையை உதைத்துப் பழகியதிலிருந்து கிளைத்த ஆட்டம் இது. களம் பேட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவுதான்: நீளம் 44 அடி, அகலம் 20 அடி, வலையின் உயரம் 5 அடி. ஒற்றையரில் ஒரு பக்கத்துக்கு 2 உதைகள், இரட்டையரில் 3 உதைகள். இரட்டையரில் ஒருவரே அடுத்தடுத்து இருமுறை உதைக்கக் கூடாது. நான் சொல்லும் பயிற்சிகளுக்கெல்லாம் காரணம் இந்த விதிகளில்தான் இருக்கிறது.

கேள்வி: ஆறு மாதமாக ஒற்றையர் ஆடுகிறேன். தனியாகப் பழகும்போது ஸ்பைக் (வலைக்கு மேலே பையைக் கீழ்நோக்கி அடிக்கும் உதை) நன்றாகவே விழுகிறது. ஆட்டத்தில் அதை அடிக்கும் வாய்ப்பே அமைவதில்லை. எதைப் பயில வேண்டும்?

உங்கள் குறை ஸ்பைக்கில் இல்லை, முதல் உதையில் இருக்கிறது. ஒற்றையரில் இரண்டே உதைகள் என்பதால், எதிராளியின் பையை வாங்கும் உதையே உங்களுக்கான செட்டாகவும், அதாவது ஸ்பைக் அடிக்க வாகாகப் பையை உயர்த்தித் தரும் உதையாகவும், அமைய வேண்டும். அது வலையிலிருந்து ஓரடி தள்ளி, தலைக்கு மேலே எழுந்து விழாவிட்டால், இரண்டாம் உதையில் பையை எப்படியாவது அப்பால் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. பலர் இதை உணராமல் நாள்தோறும் ஸ்பைக்கையே அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

முதலில் உட்பாத உதையைச் சோதித்துப் பாருங்கள். பையின்மேல் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, காலணியைத் துடைத்துவிட்டு, பத்து உதைகள் உதைத்தபின் குனிந்து பாருங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்றுக் கீழே, பாதத்தின் உள்வளைவில், ஒரு ரூபாய் நாணயத்தைப் போல் இரண்டு மடங்கு அகலமுள்ள ஒரே வெள்ளைத் தடம் இருந்தால் உங்கள் கால் சரியாக வேலை செய்கிறது. தடங்கள் பெருவிரலிலிருந்து குதிகால் வரை சிதறிக் கிடந்தால், பையைத் தேடிக் கால் அலைகிறது என்று பொருள். பை படும் கணத்தில் பாதத்தின் உட்புறம் ஒரு தட்டைப் போலத் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கணுக்கால் தளரக் கூடாது. ஊன்றிய காலின் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். பை முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருப்பதுதான் இதில் கடினமான பகுதி. அவசரப்பட்டு உயரத்திலேயே வாங்கினால் பாதம் சரிந்துவிடும், பை உங்கள் மார்பை நோக்கித் திரும்பும்.

தடம் ஒன்றாகக் கூடிய பிறகு உயரத்தைப் பழகுங்கள். எண்ணிக்கைக்காக முழங்காலளவில் நூறு உதை உதைப்பதால் வலை ஆட்டத்துக்குப் பெரிய பயனில்லை. தலைக்கு மேல் நான்கு அடி எழும்படி ஒரே ஓர் உதை, கையால் பிடி, மீண்டும் ஓர் உதை என்று இருபது முறை செய்யுங்கள். நின்ற இடத்திலிருந்து ஓரடிக்குள் பிடிக்க முடிந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். உயரம் ஏன் என்று கேட்டால், அது உங்களுக்கு நேரத்தைத் தருகிறது. தரையிலிருந்து 2 மீட்டர் எழும் பை, வலைக்கு மேல் அடிக்கும் உயரத்துக்கு இறங்கிவர ஒரு விநாடிகூட ஆகாது, 3.2 மீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 1.3 விநாடி கிடைக்கும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த அரை விநாடிக்குள்தான் இரண்டு எட்டு வைத்துத் தாவ வேண்டும்.

கேள்வி: எனக்குத் துணைக்கு ஆள் இல்லை. வீட்டுச் சுவரில் உதைத்துப் பழகலாமா?

கால்பந்துக்குப் பொருந்தும் அந்த வழி இங்கே பொருந்தாது. பைக்குள் சிறு மணிகளே இருப்பதால் அது சுவரில் பட்டதும் துள்ளாமல் கீழே விழுந்துவிடும். அதற்குப் பதிலாகக் கையால் நீங்களே எறிந்துகொள்ளுங்கள். பையைத் தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில், முன்னால் நான்கடி தள்ளி என வேண்டுமென்றே கடினமான இடங்களுக்கு எறிந்து, ஓடிச்சென்று ஓர் உதையில் உயர்த்திப் பிடியுங்கள். முன்னால் தாழ்வாக விழுவதை விரல்நுனியாலும், பக்கவாட்டில் செல்வதை வெளிப்பாதத்தாலும் வாங்க வேண்டியிருக்கும். விரல்நுனி உதையில் விரல்களை மேல்நோக்கித் தூக்கி இறுக்கிக்கொள்ளாவிட்டால் பை முன்னோக்கிப் பறந்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். சர்வீஸையும் தனியாகவே பழகலாம்: எதிர்மூலைக் கட்டத்தின் கடைக்கோடியில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் விழுபவற்றைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: மலேசியாவில் பள்ளிக் காலத்தில் செபாக் தக்ராவ் (கையைப் பயன்படுத்தாமல் பந்தை வலைக்கு மேல் உதைத்து ஆடும் ஆட்டம்) ஆடியவன் நான். அந்தப் பழக்கம் இதற்குக் கைகொடுக்குமா?

மிகவும் கைகொடுக்கும். களத்தின் அளவும் ஆண்களுக்கான வலையின் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. நீங்கள் ‘சிலா’ என்று பழகிய உட்பாத உதைதான் இங்கும் அடிப்படை. ஆனால் மூன்று பழக்கங்களை உடல் மறந்தாக வேண்டும். தலை, மார்பு, தொடை எதுவும் இங்கே கூடாது. முழங்காலுக்குக் கீழே பட்டால்தான் செல்லும். இரண்டாவதாக, தக்ராவில் ஒருவரே தொடர்ந்து உதைத்துப் பந்தை அடக்கிக்கொள்ளலாம், இரட்டையர் ஃபுட்பேக்கில் அது தவறு. மூன்றாவது, பந்தின் குணம். ஆண்களுக்கான தக்ரா பந்து 170 முதல் 180 கிராம் எடையும், காலில் பட்டதும் துள்ளும் இயல்பும் கொண்டது; ஃபுட்பேக்கோ 70 கிராமுக்கு மேற்படாமல், காலில் பட்டதும் ஓய்ந்துவிடும். ஆகவே தொட்டால் போதும் என்று இருக்க முடியாது, காலைத் தூக்கியே உயரத்தைத் தர வேண்டும். முதல் வாரத்தில் உங்கள் உதைகளெல்லாம் தாழ்வாகவே போகும். அதற்காகக் கலங்க வேண்டாம்.

தலையால் வாங்கும் பழக்கத்தை ஒழிக்க ஒரு வழி உண்டு. துணைவர் வலைக்கு அப்பாலிருந்து உங்கள் மார்புயரத்துக்குப் பையை எறியட்டும். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஓரடி பின்வாங்கி, அது இறங்கும்வரை காத்திருந்து காலால் வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பைக்கைத் தொடக்கத்திலிருந்து முறையாகப் பழக விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

உயரத்திலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு கம்பங்களுக்கிடையே மூன்றரை அடி உயரத்தில் கயிறு கட்டுங்கள். ஒரு பையை நூலில் கோத்து, கயிற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், மரக்கிளையிலிருந்து தொங்கவிடுங்கள். கயிற்றுக்குப் பக்கவாட்டில் நின்று, காலை வெளிப்புறமாகத் தூக்கி உள்நோக்கி வீசி, பாதத்தின் அடிப்பகுதியால் பையைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். ஓங்கி அறைவதல்ல இந்த அடி, மேலிருந்து மூடுவது. தாவாமல் இது சீராக வந்த பிறகு கயிற்றை நான்கு அங்குலம் உயர்த்துங்கள். நின்றபடி எட்டாத உயரம் வரும்போது மட்டும் தாவுங்கள். எந்தக் காலால் எழும்பினீர்களோ அந்தக் காலிலேயே, முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். இறக்கம் தடுமாறினால் கயிற்றைத் தாழ்த்திவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: இரட்டையரில் நானும் என் துணைவரும் இருவரும் நன்றாக உதைப்பவர்கள்தாம், ஆனாலும் சேர்ந்து ஆடும்போது குழப்பமாகவே இருக்கிறது.

அடுத்தடுத்து இருமுறை உதைக்கக் கூடாது என்ற விதியை நிதானமாக எண்ணிப் பாருங்கள். மூன்று உதைகளையும் பயன்படுத்தினால் முதலில் வாங்குபவரே மூன்றாவதாக அடிக்க வேண்டும், மற்றவர் நடுவில் செட் கொடுக்க வேண்டும். பையை வாங்கிவிட்டோம் என்று வாங்கியவர் நின்றுவிடுவதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். அவருடைய வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

ஆகவே இதைப் பழகுங்கள்: மூன்றாமவர் ஒருவர் வலைக்கு அப்பாலிருந்து கையால் எறியட்டும். வாங்குபவர் உதைத்த கணமே, பை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், வலையை நோக்கி முதல் எட்டை வைக்க வேண்டும். செட் கொடுப்பவர் “உயரம்” அல்லது “கிட்டே” என்று உரக்கச் சொல்லியபின் உதைக்க வேண்டும். முதல் நாள் ஸ்பைக் வேண்டாம். அடிப்பவர் வலையருகே வந்து பையைக் கையால் பிடித்தாலே போதும். பத்தில் எட்டு முறை தாவாமல் தலைக்கு மேல் பிடிக்க முடிந்தால், மறுநாள் அடிக்கத் தொடங்கலாம்.

இதே விதி சர்வீஸுக்கும் வழிகாட்டும். கட்டத்தின் ஆழத்தில் விழும் சர்வீஸ், வாங்குபவரை வலையிலிருந்து மிகத் தொலைவில் நிறுத்திவிடுகிறது. அவரேதான் அடிக்கவும் ஓடிவர வேண்டும். வேகமான சர்வீஸைவிட ஆழமான சர்வீஸை நான் விரும்புவது இதனால்தான்.

கேள்வி: எனக்கு வயது 47. சென்ற ஆண்டு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இந்த ஆட்டத்தைத் தொடங்கலாமா?

மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். அந்த முடிவை எழுத்தில் படித்து எடுக்கக் கூடாது. ஸ்டால்பெர்கரே முழங்கால் காயத்திலிருந்து மீண்டுவந்த காலத்தில்தான் மார்ஷலோடு இந்தப் பையை உதைக்கத் தொடங்கினார் என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆயினும் நின்ற இடத்தில் மெதுவாக உதைப்பது வேறு, வலைக்கு மேல் தாவி இறங்குவது வேறு. அனுமதி கிடைத்தால், சில மாதங்களுக்கு வலையில்லாமல், இரு காலாலும் சமமாக, தாழ்வான உட்பாத உதைகளை மட்டும் பழகுங்கள். தொடங்குமுன் பத்து நிமிடம் நடந்து, இடுப்பைச் சுழற்றி, காலை முன்னும் பின்னும் மெல்ல வீசி உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

உடலைச் சூடேற்றப் பத்து நிமிடம், உயர உதைக்கு இருபது நிமிடம். அதில் பாதியைப் பழக்கமில்லாத காலுக்கு ஒதுக்குங்கள், ஏனெனில் எதிராளி அந்தக் காலைத்தான் தேடி அடிப்பார். எறிந்து வாங்கும் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம், ஸ்பைக்குக்குப் பத்து, சர்வீஸுக்கு ஐந்து. நேரம் குறைந்துபோகும் நாளில் ஸ்பைக்கை விட்டுவிடுங்கள். உயர உதையை விடாதீர்கள்.