கையெழுத்துப் போடுபவர் யார்?

கேள்வி: எனக்கு 37 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். விடுமுறை நாட்களில் மாமாவோடு போய் வீடுகளுக்கு வயரிங் செய்த பழக்கமும் உண்டு. கனடா வந்து இரண்டு ஆண்டுகளாக ஸ்காபரோவில் ஏஜென்சி ஒன்றின் மூலம் இரவு நேரத் தொழிற்சாலை வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். மைத்துனர் ட்ரக் ஓடச் சொல்கிறார். நண்பர் எலக்ட்ரீசியனாகச் சொல்கிறார். தனியார் கல்லூரி ஒன்று 14,000 டொலருக்கு எலக்ட்ரீசியன் டிப்ளோமா தருவதாகச் சொல்லி, இந்த மாத முடிவுக்குள் முற்பணம் கட்டும்படி கேட்கிறது. எந்தத் தொழிலைப் படித்தால் நல்ல சம்பளம் கிடைக்கும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த முற்பணத்தைக் கட்டாதீர்கள். கல்லூரி ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. அது விற்கும் பொருளும் நீங்கள் வாங்க நினைக்கும் பொருளும் வேறு வேறு. நீங்கள் தேடுவது எலக்ட்ரீசியன் லைசன்ஸ். ஒன்ராறியோவில் எந்தக் கல்லூரியாலும் அதைத் தனியே கொடுக்க முடியாது. வேலை தரும் ஒருவர் உங்களைத் தன் பயிலுநராக ஏற்றுக்கொண்டு, அந்த ஒப்பந்தம் ‘ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ’ என்ற அமைப்பில் பதிவான நாளிலிருந்துதான் உங்கள் கணக்கு தொடங்குகிறது. எலக்ட்ரீசியனுக்கும் பிளம்பருக்கும் அந்தக் கணக்கு ஏறத்தாழ 9,000 மணி நேரம், அதாவது சுமார் ஐந்து ஆண்டுகள். அதன் பெரும்பகுதி வேலைத்தளத்தில் சம்பளத்தோடு கழியும். நடுவில் மூன்று தடவை, சில வாரங்கள் வீதம், வகுப்புக்குப் போய் வருவீர்கள். எல்லாம் முடிந்த பிறகு எழுதும் பரீட்சையில் 70 சதவீதம் எடுத்தால்தான் சான்றிதழ். 14,000 டொலர் டிப்ளோமா இந்தப் பாதையின் வாசலில் தொங்கும் ஓர் அறிமுகக் கடிதம் மட்டுமே. அதைப் பார்த்துச் சில முதலாளிகள் மகிழலாம். பலர் கேட்கவே மாட்டார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் 1989இல் இந்த நாட்டுக்கு வந்து, பின்னர் பிளம்பராகி, ஓய்வு பெறும் வரை அந்தத் தொழிலிலேயே இருந்தவன். வந்த புதிதில் நம்மவர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள் கைக்காசுக்கு வேலை செய்தேன். நல்ல மனிதர், மதியச் சாப்பாடும் அவர் வீட்டிலிருந்தே வரும். ஆனால் என் பெயரை அவர் எங்கும் பதிவு செய்யவில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனபோது, செம்புக் குழாயைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், பாராட்டினார்கள். பிறகு முதல் ஆண்டுப் பயிலுநராகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளும் என் கைக்குள் இருந்தன, காகிதத்தில் இல்லை. ஆகவே “எந்தத் தொழிலில் சம்பளம் கூட?” என்று கேட்பதற்கு முன், “என் மணி நேரங்களுக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர் யார்?” என்று கேட்டுப் பழகுங்கள்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். ஒரு தொழிலின் சம்பளத்தை அதன் கடினம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்பதும் தீர்மானிக்கிறது. எலக்ட்ரீசியன், பிளம்பர், தகட்டு வேலையாளர், குளிரூட்டி மெக்கானிக் முதலிய தொழில்கள் ஒன்ராறியோவில் கட்டாயச் சான்றிதழ்த் தொழில்கள். சான்றிதழ் பெற்றவரோ பதிவு செய்த பயிலுநரோ தவிர வேறு எவரும் அவற்றைச் சட்டப்படி செய்ய முடியாது. தச்சு வேலை, வெல்டிங், பெயின்ட் போன்றவற்றுக்கு அந்தப் பூட்டு இல்லை. யூனியனில் சேர்ந்த தச்சர் நன்றாகவே சம்பாதிக்கிறார் என்பது உண்மை. ஆனால் யூனியனுக்கு வெளியே, நேற்று விமானத்தில் வந்திறங்கியவர் உங்களுக்குப் போட்டியாகப் பத்து டொலர் குறைத்துக் கேட்பார். நீங்களும் இறங்கிப் போக வேண்டியிருக்கும்.

ரொறன்ரோவில் யூனியனைச் சேர்ந்த, லைசன்ஸ் பெற்ற எலக்ட்ரீசியனின் மணிக்கூலி 50 டொலரை ஒட்டியது. யூனியன் பயிலுநருக்கு அதில் முதற்கட்டத்தில் 40 சதவீதம், பிறகு 50, 60, 70, 80 என்று ஏறிக்கொண்டே போகும். நீங்கள் கணக்குப் பிள்ளை, நீங்களே போட்டுப் பாருங்கள்: முதலாம் ஆண்டில் 20 டொலர், ஐந்தாம் ஆண்டில் 40. 2025 அக்டோபர் முதல் ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலியே 17 டொலர் 60 சதம். இரவு வேலைக்குத் தரும் மேலதிகத் தொகையையும் சேர்த்தால், முதல் ஆண்டில் உங்கள் வீட்டுக்கு வரும் பணம் இப்போதையதைவிடக் கூடப்போவதில்லை. சிறு நிறுவனமாக இருந்தால் குறையவும் கூடும். அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளைக் கடப்பதற்கான ஏற்பாட்டை உங்கள் துணைவியாரோடு இருந்து, வீட்டு வாடகையையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவையும் எழுதிவைத்துப் பேசி முடித்த பிறகே எந்தத் தொழிலிலும் இறங்குங்கள். வகுப்புக்குப் போகும் வாரங்களில் வேலைக் காப்புறுதியிலிருந்து, அதற்கான உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் 55 சதவீதம் பெற வழியுண்டு. கனடா முழுவதும் செல்லுபடியாகும் ‘ரெட் சீல்’ முத்திரை உள்ள தொழில் ஒன்றில் பதிவு செய்திருந்தால், ஒவ்வொரு வகுப்புக் கட்டத்துக்கும் 4,000 டொலர் வரை வட்டியில்லாக் கடனும் மத்திய அரசு தருகிறது.

ட்ரக் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கனரக வாகன லைசன்சுக்கு 2017 முதல் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். சில வாரங்களில் முடிந்துவிடும், உடனே பணமும் வரும். ஆனால் அனுபவமில்லாத ஓட்டுநருக்குக் காப்புறுதி எடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. எடுத்துக்கொள்ளும் சில நிறுவனங்களோ, உங்கள் பெயரில் ஒரு கம்பெனி பதிந்துகொண்டு வரச் சொல்லும். அப்படிச் செய்தால் விடுமுறைப் பணம், வேலைக் காப்புறுதி, விபத்து இழப்பீடு ஆகிய மூன்றும் உங்கள் கையைவிட்டுப் போகும். சிறு பிள்ளைகளின் தகப்பன் வாரக் கணக்கில் நெடுஞ்சாலையில் இருப்பதைப் பற்றி மைத்துனர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

எலக்ட்ரீசியன் வேலையில் உங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உதவும், ஆனால் ஒரு விடயத்தில் அதுவே ஆபத்து. மாமாவோடு வேலை செய்த காலத்தில், பழைய பிரித்தானிய முறைப்படி, சிவப்பு உயிர்க்கம்பி என்றும் கறுப்பு நொதுமல் கம்பி என்றும் உங்கள் விரல்கள் பழகியிருக்கும். இங்கே கறுப்புத்தான் உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமல், பச்சை அல்லது உறையில்லாத செம்பு புவிக்கம்பி. களைத்துப்போன ஒரு பின்னேரத்தில் மூளை மறந்தாலும் விரல் பழையதைத்தான் நினைவில் வைத்திருக்கும். அங்கே செங்கற் சுவரை உளியால் கொத்திக் குழாய் புதைத்தீர்கள். இங்கே மரச்சட்டங்களில் துளையிட்டுக் கேபிளை இழுத்து, மேலே ட்ரைவோல் என்ற சுவர்ப் பலகையை அடிப்பார்கள். திருகாணிகூட வேறு. 1900களின் தொடக்கத்தில் பி. எல். ராபர்ட்சன் என்ற கனடியர் உருவாக்கிய சதுரத் துளைத் திருகாணிதான் இங்கு எங்கும். சிவப்புப் பிடி, பச்சைப் பிடி என்று அளவுக்கு ஒரு நிறமாகத் திருப்புளிகள் இருக்கும். முதல் நாளில் “சிவப்பை எடு” என்று சொல்லும்போது விழித்து நிற்காமல் இருந்தாலே மேற்பார்வையாளருக்கு உங்கள் மேல் மதிப்பு வந்துவிடும்.

ஆனாலும் எலக்ட்ரீசியனை உங்களுக்கு நான் முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன். அந்தப் பெயரை அறியாத பள்ளி மாணவனே இங்கில்லை. ஆகவே வாசலில் கூட்டம் மிக அதிகம். யூனியன்கள் 12ஆம் வகுப்புச் சான்றையும் கணிதத் தேர்வையும் கேட்பது வழக்கம். உங்கள் உயர்தரச் சான்றிதழை மதிப்பீடு செய்வித்து, தேவையானால் கல்விச் சபையின் வளர்ந்தோர் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் இலவசமாகப் படித்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பியுங்கள், தடையில்லை. ஆனால் அழைப்பு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

என் தெரிவு குளிரூட்டி மெக்கானிக் வேலை, அதோடு எரிவாயு லைசன்ஸ். இந்த நாட்டில் ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றால் வீட்டுக்காரர் மறுநாள் வரை பொறுத்திருக்க முடியாது. ஜூலையில் கடையின் குளிரறை நின்றால் இறைச்சி பொறுத்திருக்காது. ஆகவே பருவம் மாறினாலும் வேலை நிற்பதில்லை. எரிவாயு லைசன்சை ‘ரி.எஸ்.எஸ்.ஏ.’ என்ற பாதுகாப்பு ஆணையம் வழங்குகிறது. அது ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்துப் பரீட்சை எழுதினால் முதலில் ஜி3. அதை வைத்திருப்பவர் இன்னொருவரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். அடுத்தது ஜி2, மணிக்கு 4 இலட்சம் பிரியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வரையிலான கருவிகளில் தனியாகவே வேலை செய்யலாம். சாதாரண வீட்டு ஃபர்னஸ் ஒரு இலட்சத்தைத் தாண்டுவதே அரிது என்பதால், ஜி2 இருந்தால் வீட்டு வேலைகள் அனைத்தும் உங்கள் எல்லைக்குள் வந்துவிடும். பயிலுநராகச் சேர்த்துக்கொள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே பெறக்கூடிய லைசன்ஸ் இது என்பதுதான் உங்கள் நிலையில் இதன் பெரிய அனுகூலம். காசு செலவழித்துப் படிக்க வேண்டுமென்றால் இதற்குச் செலவழியுங்கள்.

குளிரூட்டிப் பக்கத்தில் இரண்டு சான்றிதழ்கள் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். 313டி என்பது வீட்டு ஏசிகளுக்கு மட்டும். சீக்கிரம் முடியும், அதனால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 313ஏ என்பது பல்பொருள் அங்காடிக் குளிரறைகள், வைத்தியசாலைகள், உயர்மாடிக் கட்டடங்கள் வரை செல்வது. கனடா முழுவதும் செல்லும் ரெட் சீலும் அதற்கே உண்டு. பதிவு செய்யும்போது 313ஏ என்றே கேளுங்கள்.

கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இந்தத் தொழில் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குளிரூட்டி மெக்கானிக் நீல நிறக் குழாயைத் தாழ்ந்த அழுத்தப் பக்கத்திலும் சிவப்புக் குழாயைக் கூடிய அழுத்தப் பக்கத்திலும் பூட்டி, இரண்டு மானிகளையும் பார்த்து, அந்த அழுத்தத்துக்கு வாயுவின் வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அட்டவணையில் எடுத்து, குழாயில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கொண்டு, வாயு குறைந்துவிட்டதா, வடிகட்டி அடைத்துவிட்டதா, விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா என்று முடிவு செய்கிறார். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போக வேண்டிய பரீட்சை மீதி சமப்படாத இரவில் எந்தப் பதிவு தவறியது என்று நீங்கள் தேடியதும் இதே வேலைதான். தெரியாதவர் வாயுவை நிரப்பிவிட்டுப் போவார். மூன்று வாரத்தில் மறுபடி அழைப்பு வரும்.

உடம்பையும் கணக்கில் எடுங்கள். 37 வயது இந்தத் தொழில்களில் தாமதம் அல்ல. நான் தொடங்கியபோது எனக்கு வயது 34. ஆனால் 60 வயதில் என் முழங்கால்கள் என்னிடம் கணக்குக் கேட்டன. குளிரூட்டி வேலையிலும் கூரைக்கு ஏற வேண்டும், பாரம் தூக்க வேண்டும். எனினும் ஆண்டுகள் ஏற ஏற, தூக்கும் வேலையிலிருந்து பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு நகர்ந்துவிடலாம். நிலத்தடிக் குழாய் வேலையில் அந்த நகர்வு அவ்வளவு எளிதல்ல.

இனி, கையெழுத்துப் போடுபவரைக் கண்டுபிடிப்பது. உறவினர் மூலம் தெரிந்த சிறு ஒப்பந்தக்காரரிடம் போவதில் தவறில்லை. ஆனால் ஒரு சான்றிதழ் பெற்றவருக்கு ஒரு பயிலுநர் என்பது 2018 முதல் இங்குள்ள விகிதம். லைசன்ஸ் ஒன்றே உள்ள கடையில் ஏற்கெனவே மருமகன் பதிவாகியிருந்தால், உங்களுக்கு அங்கே இடமில்லை. இருந்தும் “வாருங்கள், பிறகு பார்ப்போம்” என்பார்கள். ஆகவே மரியாதையாக, ஆனால் முதல் நாளிலேயே கேளுங்கள்: “அண்ணை, என்ர பெயரில பயிற்சி ஒப்பந்தம் எப்ப பதிவாகும்? ஏற்கெனவே பதிஞ்ச ஆள் இருக்கோ?” திகதி சொல்லாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அவர் உண்மையில் சான்றிதழ் உள்ளவரா என்பதை ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். பதிவான பின், செய்த வேலைகளைப் பயிற்சி ஏட்டில் அவ்வப்போது குறித்துக் கையொப்பம் வாங்குங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டவர்கள், கடை மூடப்பட்டபோது தலையில் கைவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

யாரையும் தெரியாவிட்டால், அரசு நிதியில் நடக்கும் முன்-பயிலுநர் பயிற்சிகளைத் தேடுங்கள். அரசுக் கல்லூரிகளும் சமூக அமைப்புகளும் அவற்றை நடத்துகின்றன. கட்டணம் இல்லை, இறுதியில் சில வாரங்கள் ஒரு முதலாளியிடம் அனுப்புவார்கள். அந்தச் சில வாரங்களில் நேரத்துக்கு வருபவரை விட்டுவிட முதலாளிகள் விரும்புவதில்லை. நீங்கள் 14,000 டொலர் கொடுத்து வாங்கவிருந்த அறிமுகக் கடிதத்தை இங்கே இலவசமாகத் தருகிறார்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால், புதிதாக வந்தவர்களுக்கான இலவச வகுப்புகளை இரவு வேலைக்கு முன்னரான மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சைவிட வாசிப்பில் கவனம் வையுங்கள். பரீட்சை முழுவதும் விடை தெரிவு செய்யும் வினாக்கள், ஆகவே ஒவ்வொரு சொல்லையும் கவனித்து வாசிக்க வேண்டும்.

நீங்கள் ஏற்கெனவே அந்தக் கல்லூரியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், கையொப்பமிட்ட பிரதி உங்கள் கைக்கு வந்த இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து முழுப் பணத்தையும் திரும்பப் பெற ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது. போடவில்லை என்றால், அந்த முற்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பச்சை முக்கோண முத்திரை உள்ள பாதுகாப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி, கட்டட வேலைக்கு இங்கே கட்டாயமான உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். முதலாளி “எப்போது வரலாம்?” என்று கேட்கும்போது, “நாளைக்கே” என்று சொல்ல அவை இரண்டும் போதும்.