அமெரிக்காவில் பழைய பிக்கப் ட்ரக் வாங்கி நாமே பழுதுபார்ப்பது நல்ல பொழுதுபோக்கா? எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர் அமெரிக்காவில் ஐடி வேலையில் இருக்கிறார். சொந்த வீடு, கராஜ் உண்டு. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. 1980களின் ஃபோர்டோ டொயோட்டாவோ ஒன்றை வாங்கி சனி ஞாயிறில் நோண்ட ஆசை. சரிப்பட்டு வருமா, எஞ்சினில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும், காசு மிச்சமாகுமா என்பவை அவருடைய கேள்விகள்.

சரிப்பட்டு வரும். ஆனால் எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள். எஞ்சின் ஓடாத வண்டியைக்கூட வாங்கலாம். சேஸிஸ் துருப்பிடித்த வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாங்கக் கூடாது. என் கணக்கு இதுதான்: வீட்டு வாசலில் ஒரு ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு எதைச் சரிசெய்ய முடியாதோ, அதைத்தான் வாங்கும்போது துருவிப் பார்க்க வேண்டும். மற்றது பழுதாக இருந்தால் இருக்கட்டும், அதற்காகத்தானே வாங்குகிறோம்.

நான் இருப்பது ஒஹாயோவில். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். இந்தப் பக்கத்து வண்டிகளை பெயின்டை வைத்து எடைபோட முடியாது, பழைய போர்வையை விரித்து அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். 1980 முதல் 1986 வரை வந்த ஃபோர்டின் எஃப்-150 பிக்கப் என்றால் துரு உட்காரும் இடங்கள் எல்லா வண்டியிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பட்டை, பின் சக்கரத்துக்கு மேலே சரக்குத் தொட்டியின் வளைவு, ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு பிடிக்கும் ஹேங்கர்கள். இவற்றில் ஹேங்கர் போயிருந்தால் பரவாயில்லை. ரிவெட்டை அறுத்துவிட்டுப் புதியதை போல்ட் போட்டு மாட்டலாம், பாகம் கடையில் கிடைக்கிறது. ஆனால் பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸ் ஏறி இறங்கும் வளைவில் இரும்பு அடுக்கடுக்காக உரிந்து வந்தால் எழுந்து கையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். சின்ன சுத்தியல் ஒன்றும் காந்தம் ஒன்றும் எடுத்துப் போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். பெயின்டுக்கு அடியில் பட்டி பார்த்திருந்தால் காந்தம் ஒட்டாது. விற்பதற்கு முந்தைய வாரம் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு அண்டர்கோட்டிங் (துரு தடுக்கும் பூச்சு) அடித்த வண்டியை நான் நம்புவதில்லை, எதையோ மூடியிருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன். தொலைவில் இருக்கும் வண்டியென்றால் கீழே படுத்து எடுத்த படங்களை அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம்.

என் வண்டி 1986 எஃப்-150, டெக்சாஸின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்தது. அரிசோனா, நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் வண்டிகளுக்கு வெயில்தான் எமன். பெயின்ட் வெளிறியிருக்கும், டாஷ்போர்டு வெடித்திருக்கும், ஜன்னல் ரப்பரைத் தொட்டால் உதிரும். ஆனால் போல்ட் கழலும். வெயிலில் செத்த பாகங்கள் எல்லாமே விலைக்குக் கிடைக்கும் பாகங்கள். லாரியில் ஏற்றி வரும் செலவைச் சேர்த்தாலும் அப்படிப்பட்ட வண்டிதான் மலிவு.

எஞ்சினுக்கு வருவோம். பலர் வி8 வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். முதல் வண்டிக்கு என் சிபாரிசு ஃபோர்டின் 300. 1965 மாடலில் அறிமுகமாகி 1996 வரை தயாரான எஞ்சின். 300 என்பது கன அங்குலக் கணக்கு. நம் கணக்கில் 4.9 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்ற பெல்ட்டும் கிடையாது, செயினும் கிடையாது, நேரடியாகப் பல்சக்கரம். கிராங்க் ஷாஃப்டுக்கு ஏழு மெயின் பேரிங். வேகத்துக்குப் பிறந்ததில்லை, இழுவைக்குப் பிறந்தது. 1987-ல் கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தபோதுகூட முழு இழுவையும் 2,000 ஆர்பிஎம் அளவிலேயே கிடைத்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு இதில் பெரிய சௌகரியம் இடம்தான். ஸ்பார்க் பிளக் ஆறும் ஒரே பக்கம், இன்டேக்கும் எக்ஸாஸ்டும் மறுபக்கம், இரண்டு பக்கமும் கை தாராளமாக நுழையும். இன்றைய வண்டியில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும், இதில் அடியில் தரையே தெரிகிறது. மைலேஜை மட்டும் கேட்காதீர்கள். கேலனுக்கு 15 மைல் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்.

டொயோட்டா என்றால் 22ஆர் எஞ்சின், இன்ஜெக்ஷன் வந்தபின் 22ஆர்இ. 2.4 லிட்டர், நாலு சிலிண்டர், சாகாவரம் பெற்றது என்று பேர். அந்தப் பேருக்கு ஒரு நிபந்தனை உண்டு. டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு நாளாவட்டத்தில் உடையும். தளர்ந்த செயின் முன்பக்க அலுமினிய மூடியை உரசி உரசி ஓட்டை போட்டால் கூலன்ட் ஆயிலில் இறங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வந்தால் அதுதான். உலோகப் பின்தகடு வைத்த கைடு கிடைக்கிறது, அதைப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது. ஆனால் துருப்பிடிக்காத டொயோட்டா இப்போது விற்கும் விலைக்கு முதல் வண்டியாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (ஒரு கிளைக்கதை: இறக்குமதி ட்ரக்குக்கு இங்கே 1964 முதல் 25 சதவீத வரி. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக வந்தது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ட்ரக் வரி மட்டும் நிலைத்துவிட்டது. அதிலிருந்து தப்பிக்க ஜப்பான் கம்பெனிகள் தொட்டியில்லாமல் கேபினும் சேஸிஸுமாக இறக்கி, தொட்டியை இங்கே மாட்டி விற்றன. 1980-ல் அந்த வழியையும் அடைத்தார்கள்.)

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் பானெட்டைத்தான் திறப்பார்கள். நீங்கள் சக்கரத்தைக் கழற்றுங்கள். முதல் வேலை பிரேக். இந்த எஃப்-150-ல் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இரும்பு பிரேக் லைன்கள் சேஸிஸை ஒட்டி ஓடும் இடங்களில் அரித்திருக்கும், பெடலை ஓங்கி மிதிக்கும் அன்றைக்குத்தான் வெடிக்கும். ஒரு லைன் அரித்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. செம்பும் நிக்கலும் கலந்த டியூப் வாங்குங்கள். துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். முனையை இரட்டையாக மடித்து விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தைத் தாங்காது. வெட்டிய துண்டுகளில் பத்துப் பதினைந்து முனை பழகிய பிறகு வண்டியில் கை வையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம், எனவே பழசு முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும். டிரம்மில் இருக்கும் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். நனைத்துத் துடைத்தெடுங்கள்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். பலர் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது: ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டுத்தான் ஜாக்கைத் தொட வேண்டும்.

அப்புறம் போல்ட். மெக்கானிக்குக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி போல்ட்டை உடைக்காமல் கழற்றுவதில்தான் இருக்கிறது. 300 எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே கேஸ்கெட்டில் உட்கார்ந்து, சில போல்ட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும். பல்லாண்டு சூட்டில் வெந்த போல்ட்டுகள் அவை. ஒன்று முறிந்தால் ஒரு பக்கம் புகை கசியும், மறுபக்கம் வெளிக்காற்று உள்ளே போகும். அதனால் அவசரம் கூடாது. கழற்றப்போகும் சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்பிருந்தே தினமும் மாலை துரு இளக்கும் ஆயில் விடுங்கள். கடை ஆயிலுக்குப் பதில் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்தும் விடலாம். எளிதில் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை. ஆறு முனை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு முனை தலையை வழித்துவிடும். கழற்றும் திசையில் திருகுமுன் ஒரு நூல் இறுக்குங்கள். துருவின் பிடி அதில்தான் முதலில் விடும். பிறகு கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று வர வேண்டும். கீச்சென்ற சத்தம் நின்று கைக்கு ரப்பர் மாதிரி மெத்தென்று வந்தால் நிறுத்திவிடுங்கள், அது கழலவில்லை, முறுக்குகிறது. அதற்குமேல் சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஊரில் 12-13, 14-15 என்று மில்லிமீட்டர் ஸ்பேனர் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வண்டி எரிச்சலூட்டும். 80களின் ஃபோர்டில் அங்குல போல்ட்டும் மில்லிமீட்டர் போல்ட்டும் கலந்தே இருக்கும். இரண்டு செட்டும் வாங்கியாக வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இதில் ருசியான பகுதி. பாகம் மாற்றுவது கூலி வேலை. எடுத்துக்காட்டாக, வண்டி காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, அரை மணி கழித்துத் திரும்ப ஓடுகிறது. கார்பரேட்டர், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் என்று வரிசையாக வாங்கி மாட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. லாக் பார்க்காமல் புரோகிராமை மாற்றுகிறவரை நீங்கள் ஆபீசில் என்ன சொல்வீர்களோ, அதைத்தான் இவர்களிடமும் சொல்ல வேண்டும். நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் பெட்ரோல் பக்கம் முழுவதையும் மறந்துவிடலாம். 80களின் நடுவிலிருந்து பல ஃபோர்டுகளில் ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கும். எஞ்சின் சூட்டில் மயங்கி, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும். அதைக் கழற்ற 5.5 மில்லிமீட்டரில் மெல்லிய சாக்கெட் வேண்டும், புதியதை மாட்டும்போது முதுகில் சூடு கடத்தும் பசை தடவ வேண்டும்.

சோதனைக் கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது வேக்குவம் கேஜ், எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளப்பது. விலை குறைவு, சொல்லும் சங்கதி அதிகம். ஐட்லிங்கில் முள் 17-லிருந்து 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவு) ஆடாமல் நின்றால் எஞ்சின் ஆரோக்கியம். ஆடாமல் தாழ்ந்து நின்றால் எங்கோ காற்று கசிகிறது அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது. சீராக ஒரு துடிப்பு துடித்தால் வால்வைச் சந்தேகப்படுங்கள். அடுத்தது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டர். ஆறு சிலிண்டரில் மிகக் குறைந்த எண் மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே போகாமல் இருந்தால் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சே வேண்டாம்.

பெரிய கருவிகளை விலைக்கு வாங்காதீர்கள். ஆட்டோசோன், ஓ'ரைலி போன்ற கடைகளில் முன்பணம் கட்டி எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் கிடைக்கும். வடித்த ஆயிலையும் வாங்கிக்கொள்வார்கள். எஞ்சின், பிரேக் பாகங்களுக்கு ராக்ஆட்டோ. கதவு ரப்பர், தகடு, அலங்காரச் சாமான்களுக்கு எல்எம்சி ட்ரக். கழற்றிய ஒரிஜினல் பாகத்தை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். இன்று வரும் மாற்றுப் பாகங்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பழுதானவையும் உண்டு. பழசைச் சுத்தம் செய்து மாட்டுவதே மேல் என்ற முடிவுக்குப் பல தடவை வந்திருக்கிறேன்.

பெட்ரோல் ஹோஸ்களை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. எஞ்சின் ஆயிலில் சிங்க் (துத்தநாகம்) குறைந்துவிட்டது, கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதைக் குறைத்தது உண்மைதான். ஆனால் 300-ன் வால்வு ஸ்பிரிங் ரேஸ் எஞ்சின் மாதிரி அழுத்துவதில்லை. பழைய வண்டிக்கென்று விற்கும் ஆயிலை ஊற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

காசு மிச்சமாகுமா என்றால், ஆகாது. "ஏன்டா, அந்த ஊர்ல மெக்கானிக்கே இல்லையா?" என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்கு 100 டாலருக்கு மேல் வாங்குகிறார் என்று சொல்லித் தப்பிக்கிறேன். உண்மையில், வண்டியே இல்லாதிருந்தால் அந்த மெக்கானிக்கும் தேவையில்லை. என் மனைவி இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டாள். இன்சூரன்ஸில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். தினசரி ஆபீசுக்கு ஓட்டாத பழைய வண்டிகளுக்குத் தனி பாலிசி தருகிறார்கள், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் இரண்டு காகிதங்களைப் பாருங்கள். ஒன்று வண்டியின் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம். அதிலிருக்கும் விஐஎன் (வண்டியின் அடையாள எண்) எண்ணும் வண்டியிலிருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும், விற்பவர் பேரும் அதில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள் என்றால் 1976 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் (புகை) சோதனை உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள். இரண்டாவது உங்கள் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிப் புத்தகம். டிரைவ்வேயில் வண்டி பிரிக்கக் கூடாது, ஓடாத வண்டியை நிறுத்தக் கூடாது என்று பல குடியிருப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள், மீறினால் அபராதம் வரும். அப்படியென்றால் எல்லா வேலையும் கராஜுக்குள்தான், எனவே கராஜின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். எட்டடித் தொட்டி வைத்த எஃப்-150 பல வீட்டுக் கராஜ்களில் கதவை மூடவிடாது. ஆறே முக்கால் அடித் தொட்டி வைத்ததைத் தேடுங்கள்.