பனியாறுகள், மூன்று தலைப்புகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரு நாட்டின் கோர்தியேரா பிளாங்கா மலைத்தொடரைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் புவியியல் நடத்துகிறேன். பாடத்தில் ‘பனியாற்று நிலப்பரப்புகளின் பண்பாட்டு, சூழல், பொருளாதார மதிப்பு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மூன்று தலைப்பு, தலைப்புக்கு நான்கு வரி என்று எழுத வைத்தால் மதிப்பெண் வந்துவிடும்.

‘பனி போனால் அந்தப் பள்ளத்தாக்கின் வாழ்க்கையே குலைந்துவிடும்’ என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பில் அதை வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: “பனி உருகிப் போனாலும் மழை பெய்யத்தானே போகிறது? வானத்திலிருந்து வருகிற தண்ணீர் குறையவில்லையே, பிறகு என்ன நஷ்டம்?” என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

என் சந்தேகம் வேறு. மலை தெய்வம், பனி புனிதம் என்பதெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் உருகிப் பேசுவதுதானோ? அடிவாரத்தில் இருப்பவனுக்கு அது தண்ணீர், வேலை, காசு. பொருளாதார மதிப்பை மட்டும் பேசினால் போதாதா? நம் நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆர்., மதுரை

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் மாணவிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டது சரியான கேள்வி. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், பனியாறு தானாக ஒரு சொட்டுத் தண்ணீரையும் உண்டாக்குவதில்லை. அது மாற்றித் தருவது காலத்தை. கோர்தியேரா பிளாங்காவில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழை. மே முதல் செப்டம்பர் வரை அநேகமாக ஒன்றும் கிடையாது. மழை மாதங்களில் உயரத்தில் விழுவது பனியாகத் தங்கி, வறண்ட மாதங்களில் உருகி இறங்குகிறது. நம்மூர் ஏரி ஐப்பசி கார்த்திகையில் நிரம்பிக்கொண்டு பங்குனியில் மதகு வழியாகக் கொடுக்கிறதே, அந்த வேலை. ஏரி தூர்ந்தாலும் மழை பெய்யத்தான் செய்யும். தண்ணீர் வரும் நாளில் வந்து போய்விடும், வேண்டும் நாளில் இருக்காது.

அங்கே இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றால், அந்த மலையிலிருந்து இறங்கும் சாண்டா ஆறு போய்ச் சேரும் பசிபிக் கரை பாலைவனம். அங்கே மழை என்பதே அபூர்வம். சாவிமோச்சிக் என்ற பெரும் பாசனத் திட்டம் சாண்டாவின் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய் அந்த மணலில் ஏற்றுமதிக்கான அஸ்பராகஸ், அவகாடோ, புளூபெர்ரி விளைவிக்கிறது. ஐரோப்பியச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பெரு நாட்டு அஸ்பராகஸில் மலைப்பனி ஒரு பங்கு.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பனியாறு சுருங்கத் தொடங்கியதும் ஆற்றில் தண்ணீர் குறைவதில்லை, முதலில் கூடுகிறது. சேர்வதைவிட உருகுவது அதிகமாக இருப்பதால் சில பத்தாண்டுகள் வெள்ளம் தாராளமாக வரும். அதை நம்பி வாய்க்கால் வெட்டுவார்கள், நிலம் திருத்துவார்கள். பிறகு ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். சாண்டாவின் ஒன்பது துணைப் படுகைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, ஏழு படுகைகள் அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டன என்றது. 1962ஆம் ஆண்டுடன் ஒப்பிட்டால் பெரு தன் பனிப்பரப்பில் 56 சதவீதத்தை இழந்திருக்கிறது என்று அந்நாட்டின் பனியாற்று ஆய்வு நிறுவனமே 2023இல் அறிவித்தது.

இனி உங்கள் சந்தேகம். ‘பொருளாதார மதிப்பு மட்டும் போதாதா?’ போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் மலை மேல் எனக்குள்ள பக்தி இல்லை. பரோன் ஏரியில் நடந்த சண்டையைப் பாருங்கள்.

கராஸ் என்ற சிற்றூருக்கு மேலே, பனிச்சிகரங்களின் காலடியில் இருக்கிறது பரோன். கோர்தியேரா பிளாங்காவிலேயே பெரிய ஏரி. அது உடைத்துக்கொண்டு கீழே வந்துவிடுமோ என்ற பயத்தில் பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டு, 1980களில் நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். பாதுகாப்புக்காக வந்த சுரங்கத்தில் மதகு பொருத்தியதும் ஏரி நீர்மின் நிலையத்துக்கான தொட்டியாகிவிட்டது. 1990களில் மின்நிலையம் தனியார் கைக்குப் போனது, கடைசியில் ஓர் அமெரிக்க நிறுவனத்திடம். மின்சாரத்துக்கு எப்போது தேவையோ அப்போது மதகு திறக்கப்பட்டது. பாய்ந்த நீர் உழவர்களின் வாய்க்கால்களைச் சிதைத்தது, அவர்களுக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. நீலமாகத் ததும்பிய ஏரி வற்றிச் சேற்றுக்கரை தெரிந்ததும் பார்க்க வருகிறவர்களும் குறைந்தார்கள். 2008 ஜூலையில் அந்தப் பகுதி உழவர்கள் மேலேறிப் போய் மதகைக் கைப்பற்றிக்கொண்டார்கள். அதோடு முடியவும் இல்லை. ஏரியை நிரம்பவிட்டால் கராஸ் ஊருக்கே ஆபத்து என்ற பழைய பயம் திரும்ப வந்தது.

இந்த ஒரே ஏரியில் மின்சாரம், பாசனம், சுற்றுலா, உயிர்ப்பயம் நான்கும் மோதின. முதல் மூன்றுமே பணம்தான், ஆனால் வெவ்வேறு ஆட்களின் பணம். எல்லாவற்றையும் ஒரே தொகையாக்கிப் ‘பொருளாதார மதிப்பு இவ்வளவு டாலர்’ என்று அறிக்கை எழுதுகிறார்களே, அதில் மறைக்கப்படுவது இந்தச் சண்டைதான். கூட்டுத்தொகையில் மின்நிலையம் எப்போதும் ஜெயிக்கும்.

அடிவாரத்தில் இருப்பவனுக்குத் தெய்வம் பொருட்டில்லை என்பதும் உண்மையில்லை. அதே பெருவில், கஸ்கோ பகுதியின் சினகாரா பள்ளத்தாக்கில் ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்களில் கொய்லூர் ரித்தி என்ற திருவிழா கூடுகிறது. கிறிஸ்துவின் தலம், கூடவே மலைத்தெய்வங்களான அபுக்களின் இடம். யுனெஸ்கோ 2011இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, அது கிடக்கட்டும். கரடி வேடமிட்டுக் கையில் சாட்டையுடன் வரும் உகுகுகள் இரவில் பனியாற்றின் மீது ஏறிக் காத்திருந்து விடியலில் இறங்குவார்கள். முன்பெல்லாம் பனிக்கட்டியை வெட்டி முதுகில் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நீர் மருந்து, ஊர் முழுக்கப் பங்கு. பனி பின்வாங்குவதைக் கண்ணால் பார்த்து, 2000களின் தொடக்கத்தில் உகுகுகள் தாங்களே வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வெட்டியதால் உருகியதா என்ன? முதுகில் சுமக்கும் கட்டிகளால் ஒரு பனியாறு குறையாது. ஆனாலும் நிறுத்தினார்கள். உலகத் தொழிற்சாலைகளின் கணக்கில் தங்கள் பங்கை முதலில் குறைத்துக்கொண்டவர்கள், ஏறக்குறைய பங்கே இல்லாத இவர்கள்தான். இதை ‘தூரத்திலிருந்து உருகுவது’ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்மீது நீங்கள் வைத்த குற்றச்சாட்டு நியாயமாகிவிடும். அந்த மலை கொல்லும். 1941 டிசம்பர் 13 அன்று பல்காகோச்சா என்ற பனியாற்று ஏரி உடைந்து, கீழே இருந்த ஹுவாராஸ் நகரத்தில் மூன்றிலொரு பங்கை அழித்தது. இறந்தவர்கள் குறைந்தது 1,800 பேர். 1970 மே 31 நிலநடுக்கத்தில் ஹுவாஸ்கரான் சிகரத்திலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் யுங்காய் ஊரை மொத்தமாக மூடின. மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஏறியவர்களும், சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த குழந்தைகளும் பிழைத்தார்கள். பிறகு அரசு வேறிடத்தில் ஊர் அமைத்துத் தருகிறேன் என்றபோது எஞ்சியவர்கள் மறுத்துவிட்டு, புதைந்த ஊருக்குப் பக்கத்திலேயே புது யுங்காயைக் கட்டினார்கள். இறந்தவர்கள் அங்கே, நிலம் அங்கே, சந்தை அங்கே. இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதச் சொல்வீர்கள்?

சூழல் என்ற தலைப்பில் எல்லோரும் எழுதுகிற பறவை, மலர், பூங்கா பற்றி எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகங்களில் அதிகம் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். பனி விலகியதும் வெளியே வரும் பாறையில் பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் நிறைய இருக்கிறது. காற்றும் நீரும் பட்டதும் அது அமிலமாகக் கசிந்து, ஓடையைத் துருச்சிவப்பாக்குகிறது. பனி இருந்தவரை அந்தப் பாறை மூடிக் கிடந்தது. இப்போது தண்ணீர் வரும் இடத்திலும் குடிக்க முடியாத தண்ணீர். சில மலையூர்களில் சதுப்புச் செடிகளை வளர்த்து, அவற்றின் வழியே நீரை விட்டு உலோகத்தை வடிகட்டிப் பார்க்கிறார்கள்.

பணக்கணக்கை நான் முற்றாக ஒதுக்கவில்லை. ஹுவாராஸைச் சேர்ந்த உழவரும் மலைவழிகாட்டியுமான சவுல் லூசியானோ லியுயா 2015இல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. மின் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். உலகைச் சூடாக்கும் மாசில் உன் பங்கு 0.47 சதவீதம், ஆகவே பல்காகோச்சாவிலிருந்து எங்களைக் காக்கும் செலவில் அதே விகிதத்தைக் கொடு, சுமார் 17,000 யூரோ என்று கேட்டார். அந்த நிறுவனத்துக்கு இது தேநீர்ச் செலவு. 2022இல் நீதிபதிகள் ஹுவாராஸுக்கே வந்து பார்த்தார்கள். 2025 மே 28 அன்று ஹாம் நகர உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் வீட்டுக்கு 30 ஆண்டுகளில் வெள்ளம் வரும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதமே என்பது காரணம். ஆனால் பெரிய மாசுபடுத்திகளைத் தொலைதூரப் பாதிப்புக்கும் கொள்கையளவில் பொறுப்பாக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பனியாற்றின் விலை எவ்வளவு என்ற கேள்வியைவிட அதை உருக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்ற இந்தக் கேள்வி எனக்கு உருப்படியாகத் தெரிகிறது.

கடைசியாக நம் நாடு. திபெத்தில் தசுவோபு பனியாற்றிலிருந்து துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் தென்னாசியப் பருவமழையின் ஆயிரம் ஆண்டுப் பதிவு இருந்தது. மழை பொய்த்த காலத்துப் பனியில் தூசியும் குளோரைடும் கூடியிருக்கும். அதில் தெரிந்த மிகக் கொடிய வறட்சி 1790 முதல் 1796 வரை. தக்காணத்தையும் அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் வாட்டிய மண்டையோட்டுப் பஞ்சம் அந்தக் காலத்தது. நம் பஞ்சத்தின் சாட்சி இமயத்தின் மேல் உறைந்திருக்கிறது. மூன்று தலைப்புகளில் இது எதிலும் வராது, ஆனால் நான் முதலில் எழுத விரும்புவது இதைத்தான்.

வகுப்புக்கு வேண்டுமானால் சிக்கிமை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, 1,200 மெகாவாட் தீஸ்தா–3 நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போனது. 2025 ஜனவரியில், இன்னும் உயரமாக அதே அணையைத் திரும்பக் கட்ட ஒன்றிய அரசின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. மாணவர்களை நான்காகப் பிரித்து, மின்வாரியம், கீழ்க்கரை ஊர், மலையைத் தெய்வமாக வணங்கும் லெப்சா மக்கள், பனியேரியைக் கண்காணிக்கும் பொறியாளர் என்று ஆளுக்கொரு தரப்பைக் கொடுத்து வாதாட வையுங்கள். அந்த மாணவிக்குக் கீழ்க்கரை ஊரைக் கொடுங்கள். என்ன வாதாடினாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்