அலைமுடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குளித்து முடித்தவுடன் என் தலைமுடி அலை அலையாக அழகாகத் தெரிகிறது. காய்ந்தபின் சீவினால் பறட்டையாக விரிந்து நிற்கிறது. என்னுடையது வறண்ட முடியா, அலைமுடியா?

பதில்: நீங்கள் விவரிப்பது அலைமுடி. ஈரத்தில் தெரிந்த அலை, உலர்ந்தபின் சீப்புப் பட்டதும் கலைந்து பறட்டையாவதே அதன் அடையாளம். தோலுக்குள் மயிர்க்கால் நேராக அமைந்திருந்தால் முடி நேராகவும், சற்று வளைந்திருந்தால் வளைந்தும் முளைக்கிறது. ஆகவே இது உங்கள் பராமரிப்பில் நேர்ந்த குறையன்று. ஆனாலும் எத்தனையோ பேர் தங்கள் அலைமுடியை அடங்காத நேர்முடி என்றே எண்ணி, நாள்தோறும் சீப்பால் அதனோடு போராடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டவுடன் தளர்ந்து, உலரும்போது மீண்டும் உருவாகின்றன. அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் கிடக்கிறதோ, அடுத்து நனையும்வரை ஏறத்தாழ அந்த வடிவமே நிலைக்கிறது. அலைமுடியைப் பொறுத்தவரை ஈரத்திலிருந்து உலர்வதுவரை உள்ள நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் மீண்டும் மீண்டும் எழுதுவது இதனால்தான். உலர்ந்தபின் சீவும்போது, ஒன்றோடொன்று சேர்ந்து கற்றையாக வளைந்திருந்த முடிகள் தனித்தனியே பிரிகின்றன. ஒவ்வொரு முடியின் வளைவும் சற்று வேறுபடுவதால் அவை மீண்டும் ஒன்றாகப் படிவதில்லை. பறட்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே சிக்கெடுக்கும் வேலையைக் குளிக்கும்போதே முடித்துவிடுங்கள். நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறுந்துவிடக்கூடியது என்பதால், கண்டிஷனர் தடவி வழுவழுப்பாக இருக்கும் நிலையில், அகன்ற பல் சீப்பைக் கொண்டு முதலில் நுனியையும், பிறகு சிறிது சிறிதாக மேற்பகுதியையும் பிரித்தெடுக்க வேண்டும். அலசியபின் சீப்பை ஒதுக்கிவிட்டுத் தலையைக் கவிழ்த்து, நுனிகளை உள்ளங்கையில் ஏந்தி, உச்சந்தலையை நோக்கி மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். துண்டால் பரபரவென்று தேய்க்காமல், மென்மையான பருத்தி டீ-ஷர்ட்டால் நீரை ஒற்றியெடுங்கள். அதன்பின் முழுவதும் உலரும்வரை முடியைத் தொடாமல் இருப்பதுதான் மிகவும் கடினமான பகுதி. அதிகப் பலன் தருவதும் அதுவே.

கேள்வி: சுருட்டை முடிக்கான கிரீம்களையே பயன்படுத்துகிறேன். அலை எழும்புவதற்குப் பதிலாக முடி தொய்ந்து, பிசுபிசுப்பாகிவிடுகிறது. ஜெல் தடவினாலோ குச்சிகுச்சியாக விறைத்துவிடுகிறது. எதைத்தான் பயன்படுத்துவது?

பதில்: சுருட்டை முடிக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை அலைமுடிக்காரர்கள் அப்படியே பின்பற்றும்போது இந்த ஏமாற்றம் நேர்கிறது. இறுக்கமாகச் சுருண்ட முடி கனமான வெண்ணெய் போன்ற பூச்சுகளையும் தாங்கிக்கொள்ளும். அலையின் வளைவு மென்மையானது. தன் எடையே அதை இழுத்து நேராக்கிவிடும்போது, மேலும் ஒரு பூச்சின் எடையை அது எப்படித் தாங்கும்? கிரீமை நிறுத்திவிட்டு ஜெல்லையோ நுரையாக வரும் மூஸையோ தேர்ந்தெடுங்கள். உங்கள் முடி மெல்லிய இழைகளாக இருந்தால் மூஸே போதும் என்பது என் கருத்து.

ஜெல் விறைப்பாக உலர்வதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த விறைப்பு, முடி உலரும்வரை கற்றைகளைக் கலையாமல் பிடித்துவைக்கும் மெல்லிய உறை. பலர் அது பாதி உலர்ந்திருக்கும்போதே கையால் கலைத்துவிட்டு, ஜெல் தமக்கு ஒத்துவரவில்லை என்று கைவிடுகிறார்கள். முடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போதே ஜெல்லைச் சீராகத் தடவி, உள்ளே சிறிதும் ஈரமில்லை என்று உறுதியானபின், நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கிவிட்டால், உறை உடைந்து அலை மட்டும் மென்மையாக நிற்கும்.

ஜெல் வாங்கும்போது கிளிசரின் சேர்ந்துள்ளதா என்றும் பாருங்கள். அது ஈரத்தை ஈர்க்கும் பொருள் என்பதால், காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் முடியை உப்பவைத்துப் பறட்டையைக் கூட்டக்கூடும்.

கேள்வி: வேர்ப்பகுதி எண்ணெய் வழிகிறது, நுனியோ காய்ந்து வெடிக்கிறது. தினமும் ஷாம்பு போடலாமா? எண்ணெய் தடவலாமா?

பதில்: தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடுகிறது, அலைமுடியின் வளைவுகளில் அது அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை. எனவே ஒரே தலையை இரண்டு விதமாக நடத்த வேண்டும். ஷாம்பு உச்சந்தலைக்கு, கண்டிஷனர் முடியின் கீழ்ப்பாதிக்கு. உச்சந்தலை உண்மையில் அழுக்கடையும்போது அலசுங்கள். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை என்பது பலருக்குப் பொருந்தும். வியர்வை மிகுந்தவர்கள் கூடுதலாக அலசுவதில் தவறில்லை. ஷாம்புவே கூடாது என்று சொல்பவர்களின் கருத்தோடு நான் உடன்படவில்லை. முடிக்கு வழுவழுப்பு தரச் சேர்க்கப்படும், நீரில் கரையாத சிலிகான்கள் கலந்த பொருட்களைப் பயன்படுத்துவோர், படிவு நீங்க அவ்வப்போது சற்று வலுவான ஷாம்புவால் அலசுவது நல்லது.

எண்ணெயைக் குளிப்பதற்கு முன் தடவுவதே அலைமுடிக்கு ஏற்றது. தேங்காய் எண்ணெயையும், சூரியகாந்தி எண்ணெயையும், கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வொன்றில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் உட்பகுதிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்ததாகக் கண்டறியப்பட்டது. குளித்தபின் தடவினால் அதுவும் எடையாகி அலையை அமுக்கிவிடும். வெடித்த நுனியை எந்த எண்ணெயாலும் ஒட்டவைக்க முடியாது, அதை வெட்டத்தான் வேண்டும்.

கேள்வி: பதின்மூன்று வயதாகும் என் மகளின் நேரான முடி திடீரென அலையாக மாறிவருகிறது. ஏதேனும் குறைபாடா?

பதில்: பருவமடையும் வயதில் ஹார்மோன் மாற்றங்களால் முடியின் வடிவம் மாறுவது இயல்பானது. முடி கொத்தாக உதிர்ந்தாலோ, உச்சந்தலையில் அரிப்போ திட்டுகளோ இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், இந்த அலை அவளுக்கு அழகாக இருக்கிறது என்பதை அவள் காதுபடச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக நிரந்தரமாக முடியை நேராக்கிக்கொண்டால் என்ன?

பதில்: அது உங்கள் உரிமை. ஆயினும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வேதிப்பொருளால் முடியை நேராக்கும் முறைகளில், கெரட்டினுக்கு உறுதி தரும் டைசல்பைடு பிணைப்புகளே உடைக்கப்படுகின்றன. நேராக்கிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. புதிதாக வளர்வதோ மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. அளவில் மீண்டும் அலையாகவே வளரும். கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் செய்யப்படும் சிலவற்றில், பூச்சைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளிப்படுகிறது. அதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலப் பூச்சுக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. நீங்கள் என் தங்கையாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒருநாள் மட்டும் நேராக வேண்டுமென்றால், முழுவதும் உலர்ந்த முடியில் வெப்பக் காப்புப் பூச்சைத் தடவி, முடியை நேராக்கும் சூட்டுக் கருவியை (ஸ்ட்ரெய்ட்னர்) 180 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இழுக்காமல் பயன்படுத்துங்கள். ஈர முடியில் அந்தக் கருவியை வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, முடிக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்கி, அந்த இடத்தில் முடியை முறித்துவிடும்.

கேள்வி: காலையில் ஒழுங்காக வந்த அலை, தூங்கி எழுந்தால் கலைந்துவிடுகிறது. தினமும் தலைக்குக் குளிக்க நேரமில்லை.

பதில்: தலையணையின் உராய்வே காரணம். வழுவழுப்பான சாட்டின் உறை போடுங்கள். நீளமான முடியாக இருந்தால் உச்சியில் தளர்வாகச் சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு படுங்கள். காலையில் கலைந்த கற்றைகளை மட்டும் ஈரக் கையால் நனைத்து, நுனியிலிருந்து அழுத்திவிட்டு, அவை உலர்ந்தபின் வெளியே கிளம்புங்கள்.