கஞ்சா: புகைப்பதும் சாப்பிடுவதும் ஒன்றா? ஒரு மருத்துவரின் பதில்கள்

கஞ்சாவைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் "எது நல்ல முறை, எது கெட்ட முறை?" என்றுதான் தொடங்குகிறார்கள். நஞ்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நேரக் கணக்கு. உள்ளே போனது எப்போது மூளையை எட்டும், எப்போது உச்சம், எப்போது இறங்கும்? இது தெரியாததால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அதை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே உடம்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

டாக்டர், இரண்டு மூன்று தடவை புகைத்தபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதே அளவை பிஸ்கட்டில் போட்டுச் சாப்பிட்டபோது நாள் முழுக்க எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரே செடிதானே?

செடி ஒன்றுதான். ஆனால் போகும் வழி மாறினால் மூளைக்குப் போய்ச் சேரும் பொருளும் மாறுகிறது.

போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். 1964இல் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் இஸ்ரேலில் அதைப் பிரித்தெடுத்தார்கள். புகைத்தால் அது நுரையீரலிலிருந்து நேராக ரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் பத்து நிமிடத்துக்குள் உச்சம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

சாப்பிட்டால் முதலில் குடல், அப்புறம் கல்லீரல். கல்லீரல் அதில் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி-டி.எச்.சி. என்ற பொருளாக மாற்றி அனுப்புகிறது. இதுவும் போதை தருவதுதான். மூளைக்குள் எளிதாக நுழையக்கூடியது. புகைக்கும்போது இது கொஞ்சமாகத்தான் உருவாகும், சாப்பிடும்போது கணிசமாக உருவாகும். இத்தனைக்கும், சாப்பிட்ட டி.எச்.சி.யில் ரத்தத்துக்குப் போவது சுமார் 4 முதல் 12 சதவீதம்தான். புகையில் 10 முதல் 35 சதவீதம் வரை போகலாம். சாப்பிட்டால் குறைவாகத்தான் போகிறது, ஆனால் மெதுவாக ஏறி, வேறு வடிவத்தில் ஆறு எட்டு மணி நேரம் தங்கிவிடுகிறது. அதனால் புகைத்த அளவை வைத்துச் சாப்பிடும் அளவைக் கணக்குப் போடவே முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது, அதற்குப் போதை கிடையாது. சூடு பட்டால்தான் மாறும். நீங்கள் சாப்பிட்ட பிஸ்கட் அடுப்பில் வெந்தது.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு துண்டு சாப்பிடலாமா?

வேண்டாம். இந்த ஒரு பதிலையாவது எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சாப்பிட்டது வேலை செய்யத் தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். உச்சம் வர இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். வயிற்றில் என்ன இருந்தது, எவ்வளவு கொழுப்பு இருந்தது என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கே ஒவ்வொரு நாளும் மாறும். "ஒன்றும் ஆகவில்லை" என்று தோன்றும் நேரத்தில் முதல் துண்டு இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரியில் கடைகளில் விற்பனை தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் 19 வயது இளைஞர் ஒருவர் 65 மில்லிகிராம் டி.எச்.சி. கொண்ட ஒரு குக்கீ வாங்கினார். ஆறில் ஒரு பங்குதான் ஒரு முறைக்கு என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஒரு துண்டு சாப்பிட்டார். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை என்று மீதி முழுவதையும் சாப்பிட்டார். சிறிது நேரத்தில் பேச்சும் நடத்தையும் குழம்பின. முதல் துண்டு சாப்பிட்டு மூன்றரை மணி நேரத்தில், நான்காவது மாடியிலிருந்து குதித்து இறந்துபோனார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இந்த நிகழ்வை 2015இல் பதிவு செய்திருக்கிறது.

ஏற்கெனவே அதிகம் சாப்பிட்டுவிட்டவரைத் தனியாக விடாதீர்கள். வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் உட்கார வையுங்கள். மது கொடுக்காதீர்கள், மது டி.எச்.சி.யை ரத்தத்தில் இன்னும் ஏற்றும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எரிக்காமல் ஆவியாக்கி இழுக்கும் வேப் கருவியில் இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. இலையை எரிக்காமல் 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கும் கருவியில் கார்பன் மோனாக்சைடும், தார் என்ற பிசுபிசுப்பான புகைக்கழிவும் வெகுவாகக் குறைகின்றன. எரியும் நுனியில் வெப்பம் 600 டிகிரிக்கும் மேலே போகும். புகையோடு ஒப்பிட்டால் இந்த ஒரு விஷயத்தில் ஆவி மேல்தான்.

ஆனால் எண்ணெய் அடைத்த கார்ட்ரிட்ஜ் வேறு கதை. 2019இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களுக்குக் கடுமையான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது, 68 பேர் இறந்தார்கள். எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மாத்திரையாக விழுங்கும் வைட்டமின் ஈ நல்லது, அதனால் மூச்சில் போனாலும் நல்லது என்று நினைக்கக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கார்ட்ரிட்ஜைத் தொடாதீர்கள்.

போதையும் குறையாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எப்போதாவது பயன்படுத்துபவர்களுக்குப் புகையில் தந்த அதே அளவை ஆவியாகத் தந்தபோது போதை கூடுதலாகவே இருந்தது. எரிந்து வீணாவதும் பக்கவாட்டில் போவதும் ஆவியில் குறைவு, அதனால்தான்.

தண்ணீர்க் குழாயில் இழுத்தால் புகை வடிகட்டப்படுமா? மூச்சை அடக்கினால் நன்றாக ஏறுமா?

தண்ணீர் புகையைக் குளிர வைக்கிறது. தொண்டை எரியாது, அதனால் ஆழமாக இழுப்பீர்கள். தாரை நம்பும்படி வடிகட்டுவதில்லை. மூச்சை அடக்குவதும் வீண். டி.எச்.சி. முதல் சில நொடிகளிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதற்கு மேல் அடக்கி வைத்தால் உள்ளே தங்குவது தாரும் கார்பன் மோனாக்சைடும்தான்.

மெழுகு போன்ற ஒன்றைச் சூடான தட்டில் வைத்து இழுக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் "கொஞ்சம்தானே அம்மா" என்கிறான்.

அளவு கொஞ்சம், சரக்கு கொஞ்சம் இல்லை அம்மா. இப்படிப் பிரித்தெடுத்த செறிவுகளில் டி.எச்.சி. 60 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். 2019இல் வந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. இருந்தாலே 'வீரியம் மிக்கது' என்று வகைப்படுத்தினார்கள். அப்படிப்பட்ட கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு, தொடாதவர்களைவிட மனச்சிதைவு வகை நோய் தொடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு தெரிந்தது. உங்கள் மகன் கையில் இருப்பது அதைவிடப் பல மடங்கு வீரியமானது. இருபத்தைந்து வயதுவரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், அதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டி அனுப்பினால் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். தூக்கம் கெடுவது, யாரோ கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், தனக்குள்ளே முடங்குவது ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நாக்குக்கு அடியில் விடும் கஞ்சாச் சொட்டு எந்த வகையில் சேரும்?

இரண்டுக்கும் நடுவில். வாயின் மெல்லிய தோல் வழியாகக் கொஞ்சம் நேரடியாக ரத்தத்துக்குப் போகும், மீதியை விழுங்கிவிடுவோம். விழுங்கியது சாப்பிட்டது போலத்தான் நடந்துகொள்ளும். ஆக, ஒரே சொட்டுக்கு இரண்டு அலை வரலாம்.

மருந்தாகவே இப்படி ஒன்று இருக்கிறது. நாபிக்சிமால்ஸ் என்ற வாய் ஸ்பிரே, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் தசை இறுக்கத்துக்குப் பல நாடுகளில் தரப்படுகிறது. ஒரு முறை அழுத்தினால் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. (அதே செடியிலுள்ள, போதை தராத பொருள்). வீட்டில் தயாரித்த சொட்டில் இந்தத் துல்லியம் கிடைக்காது.

மூட்டுவலிக்குத் தடவும் கஞ்சாக் களிம்பு போதை தருமா?

தராது. தோலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. வலி குறைக்கும் என்பதற்கும் ஆதாரம் இன்னும் மெலிதுதான். தோலில் ஒட்டும் பேட்ச் வேறு, அது ரத்தத்துக்கு அனுப்புவதற்காகவே செய்யப்படுவது.

ரத்தம் உறையாமலிருக்க அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். போதை இல்லாத சி.பி.டி. எண்ணெய்தானே, கொடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். போதை இல்லை என்றால் வினை இல்லை என்று அர்த்தமில்லை. வார்ஃபரினை உடைக்கும் கல்லீரல் நொதிகளை சி.பி.டி. தடுக்கக்கூடியது. அப்போது வார்ஃபரின் ரத்தத்தில் தேங்கி, ரத்தக்கசிவு வரை போகலாம். வலிப்புக்குத் தரும் குளோபசாமோடும் இப்படித்தான், தூக்கக் கலக்கம் அதிகமாகும். கொழுப்பான உணவோடு சி.பி.டி. எடுத்தால் அது ரத்தத்தில் ஏறும் அளவு நான்கு மடங்கு வரை கூடலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

எந்த முறையில் எடுத்தால் எவ்வளவு நேரம் கழித்து வண்டி ஓட்டலாம்?

இழுத்திருந்தால் குறைந்தது ஆறு மணி நேரம். சாப்பிட்டிருந்தால் அன்றைக்கு வண்டியே வேண்டாம்.

மூன்று வயதுக் குழந்தை கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டது. இப்போதைக்கு நன்றாகத்தான் விளையாடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கலாமா?

பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். பெரியவர்களுக்குச் சொன்ன அதே நேரக் கணக்குதான் இங்கேயும், முதல் இரண்டு மணி நேரம் நன்றாக இருப்பதில் ஆறுதல் கிடையாது. அமெரிக்க விஷத் தகவல் மையங்களுக்கு ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகள் கஞ்சா தின்பண்டம் சாப்பிட்டதாக 2017இல் 207 தகவல்கள் வந்தன. 2021இல் 3,054. அவர்களில் சிலருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. இவ்வளவு சிறிய உடம்பில் பெரியவருக்கான ஒரே ஒரு மிட்டாய், ஆழ்ந்த மயக்கத்தையும் மூச்சுத் தளர்வையும் உண்டாக்கலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மிட்டாய் உறையைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மில்லிகிராம் என்று அதில் இருக்கும். வழியில் குழந்தை தூங்கிவிட்டால் மூச்சைக் கவனித்துக்கொண்டே போங்கள், தட்டி எழுப்பியும் எழுந்திருக்கவில்லை என்றால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.