லேபிள்ல எந்த மடிப்பு வாங்கறது? கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா, ஈரோட்டுல வீட்லயே குர்த்தியும் குழந்தைங்க ஃப்ராக்கும் தைச்சு இன்ஸ்டாகிராம்ல விக்கறேன். பிராண்ட் பேரு போட்டு வோவன் லேபிள் (பேரை நூல்லயே நெய்யற லேபிள்) 1000 பீஸ் அடிக்கலாம்னு கேட்டா ஸ்ட்ரெயிட் கட், எண்ட் ஃபோல்ட், லூப் ஃபோல்ட், மைட்டர், மன்ஹாட்டன்னு ஒரு லிஸ்ட் அனுப்பிட்டு எது வேணும் மேடம்னு கேக்கறாங்க. எது விலை கம்மியோ அதையே சொல்லிடவா?

பதில்: விலைய வச்சு முடிவு பண்ணாதீங்க. லேபிள் ரேட்டு ஏறுறதும் இறங்குறதும் அளவு, எத்தனை கலர் நூலு, நெசவு டமாஸ்க்கா சாட்டினா, எத்தனை பீஸ் இதுலதான், மடிப்புக்குன்னு வர்ற வித்தியாசம் ரொம்ப சின்னது. லேபிள் துணியில எங்க உக்காரப் போகுது, அதை எந்த ஸ்டேஜ்ல தைக்கப் போறீங்க, இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா மடிப்பு தானா முடிவாயிடும்.

குர்த்திக்கு பின் கழுத்து உள்பட்டியில வைப்பீங்க. அதுக்கு எண்ட் ஃபோல்ட் போதும். ரெண்டு ஓரமும் பின்பக்கமா மடிஞ்சு வரும், இந்தப் பக்கம் ஒரு தையல் அந்தப் பக்கம் ஒரு தையல், வேலை முடிஞ்சுது, குர்த்தி முழுசா தைச்சு அயர்ன் பண்ணி வச்சிருந்தாலும் கடைசியில வச்சு தைச்சுக்கலாம். லூப் ஃபோல்ட் (சென்டர் ஃபோல்ட்னும் சொல்வாங்க) அப்படி இல்ல, நடுவுல மடிஞ்சு வர்றதால ரெண்டு முனையும் தையலுக்குள்ள போகணும், அதனால கழுத்தோ சைடோ மூடுறதுக்கு முன்னாடியே சொருகணும், மறந்துட்டா பிரிச்சுதான் ஆகணும். லைன் போட்டு தைக்கற கம்பெனிக்கு அது பிரச்சனை இல்ல, ராத்திரி பத்து மணிக்கு ஒத்தை ஆளா தைக்கறவங்களுக்கு தலைவலி. ஸ்ட்ரெயிட் கட்டுன்னா மடிப்பே கிடையாது, நாலு பக்கமும் சுத்தி தைக்கணும், தையல் கொஞ்சம் கோணினாலும் பளிச்சுனு தெரியும். மன்ஹாட்டன்ங்கறது லூப்போட மேல் ஓரத்தையும் உள்ள மடிச்சு விட்டது, ஜாக்கெட்டுக்கெல்லாம் அழகா இருக்கும், உங்களுக்கு இப்ப வேண்டாம்.

ஃப்ராக்குக்கு தனியா வாங்க வேண்டாம், அதே எண்ட் ஃபோல்டை வெளிப்பக்கம் கீழ் மடிப்புக்கு மேல தைச்சு விடுங்க, குழந்தை கழுத்துல எதுவுமே வேண்டாம். பிராண்ட் பேரும் போட்டோல தெரியும்.

இப்ப முக்கியமான விஷயம், அளவு. 50க்கு 15 மில்லிமீட்டர் வேணும்னு மட்டும் சொல்லி அட்வான்ஸ் போட்டுடாதீங்க. மடிச்சப்பறம் 50ஆ, விரிச்சா 50ஆ? எண்ட் ஃபோல்டுக்கு ஓரத்துக்கு 7 மில்லி மடிப்புன்னா, கண்ணுக்கு 50 தெரியணும்னா விரிச்ச அளவு 64. லூப்புல இன்னும் வித்தியாசம், 20 மில்லி வெளிய தொங்கணும், தையலுக்குள்ள போக ரெண்டு முனையிலயும் 6 மில்லின்னா விரிச்ச அளவு 52 ஆயிடும். இதைச் சொல்லாம விட்டா எழுத்தோட பாதி தையலுக்குள்ள போயிடும், 1000 பீஸும் அப்படியே வந்து நிக்கும். மடிச்ச அளவு, விரிச்ச அளவு, எழுத்து எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும், மூணையும் வாட்ஸப்புல எழுதியே அனுப்புங்க, போன்ல சொன்னது கணக்குல வராது.

கேள்வி: திருப்பூர்ல சின்னதா டீ-ஷர்ட் பண்றோம்ங்க. கழுத்துக்குப் பின்னாடி உள்பக்கம் ஸ்ட்ரெயிட் கட் லேபிள நாலு பக்கமும் தைச்சோம். தைக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு வாஷ்ல லேபிளைச் சுத்தி துணி சுருங்கி லேபிள் உப்பிக்குது. லேபிள்ல கோளாறா? அப்புறம் அடுத்த லாட்டு கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போகுது, அதுக்கு ஏதாவது மாத்தணுமா?

பதில்: லேபிள் மேல தப்பு இல்லீங்க. அது பாலியஸ்டர், வாஷ்ல சுருங்காது. உங்க துணி காட்டன் நிட்டு (பின்னல் துணி), காம்பாக்டிங், அதாவது துணிய முன்னாடியே சுருக்கி செட் பண்றது, சரியா பண்ணலைன்னா நல்லாவே சுருங்கும். சுருங்குற துணிய சுருங்காத ஒண்ணோட நாலு பக்கமும் கட்டிப் போட்டா வேற என்ன ஆகும்? இழுத்தா விரியற துணிங்கறதால தலைவழியா மாட்டும்போது அந்த இடம் மட்டும் விரியாம தையல் நூலும் அறும்.

நிட்டுக்கு லூப்தான் நல்லது. மேல ஒரே பக்கம் மட்டும் ரிப்புக்கும் (கழுத்துப் பட்டி) பாடிக்கும் நடுவுல தையல்ல மாட்டி கீழ சும்மா தொங்கும், துணி சுருங்கினா அது பாட்டுக்கு சுருங்கிக்கும். லேபிள் அகலம் மட்டும் ஓவரா வேண்டாம். எதுக்கு மாறினாலும் மொத்தமா போடறதுக்கு முன்னாடி சாம்பிள் பீஸ்ல தைச்சு வாஷ் போட்டு பாத்துடுங்க.

அமெரிக்கா லாட்டுக்கு ஒண்ணு கவனிங்க. கழுத்து இருக்கற டிரெஸ்ல எந்த நாட்டுல செஞ்சதுங்கறது உள்பக்கம் கழுத்து நடுவுல, ரெண்டு தோள் தையலுக்கும் மத்தியில தெரியணும், அதுவும் லேபிளோட முன்பக்கமே இருக்கணும். லூப்புல பின் பாதி காலியாத்தானே இருக்குன்னு மேட் இன் இந்தியாவ அங்க தள்ளிடாதீங்க. பின் பாதியில வாஷ் கேர் போடறதா இருந்தா எழுத்து எந்தப் பக்கம் பாத்து வரணும்னு பேப்பரை மடிச்சு எழுதி, கழுத்துல வச்சு தூக்கிப் பாருங்க. கழுத்து லேபிள யாரும் கீழ இருந்து மேல தூக்கித்தான் படிப்பாங்க. சைடு தையல்ல மாட்டினா புத்தகம் மாதிரி பக்கவாட்டுல திருப்புவாங்க, அதுக்கு மடிப்பே சைடுல வரணும், ஆர்ட்வொர்க்கே (லேபிள் டிசைன்) வேற.

கேள்வி: நான் வியாபாரி இல்ல, பையனுக்கு துணி வாங்கற அம்மா. கழுத்து லேபிள் குத்துதுன்னு அழறான், கத்திரியில வெட்டினா இன்னும் மோசமா குத்துது. என்ன பண்றது?

பதில்: வெட்டினதாலதான் குத்துது. தையலுக்குள்ள இருக்கற முனை அங்கயே நிக்கும், வெட்டின இடம் சொரசொரன்னு ஆயிடும். லூப் லேபிள்னா முழுசா எடுக்க கழுத்துத் தையலையே பிரிக்கணும், அதனால தெரிஞ்ச டெய்லர்கிட்ட கொடுத்து ரெண்டு இன்ச் பிரிச்சு எடுத்துட்டு மூடச் சொல்லுங்க, இல்லன்னா மிச்சத்து மேல ஒரு மெத்துனு காட்டன் டேப்பை வச்சு தைச்சுடச் சொல்லுங்க. எண்ட் ஃபோல்டா இருந்தா நீங்களே ரெண்டு பக்கத் தையலையும் பிரிச்சு எடுத்துடலாம், துணிக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்த தடவை கடையில லேபிள் மூலைய உங்க கழுத்துல தேய்ச்சுப் பாருங்க, கைவிரல்ல பாத்தா தெரியாது. சூடு வச்சு வெட்டின ஓரம் உருகி கெட்டியாகி ஊசி மாதிரி இருக்கும், அல்ட்ராசோனிக் கட் (ஒலி அதிர்வுல வெட்டறது) பண்ணது மெத்துனு இருக்கும். லேபிளே இல்லாம நேரா துணியில பிரிண்ட் பண்ணதும் நிறைய வருது, குழந்தைக்கு அதுதான் என் சாய்ஸ்.

கேள்வி: டவல்ல மாட்டித் தொங்கவிட மைட்டர் ஃபோல்ட் லேபிள் தாங்குமா?

பதில்: ரெண்டு முனையும் மூலையா மேல மடிஞ்சு வர்றது மைட்டர், கை துடைக்கற சின்ன டவல்னா தாங்கும். குளியல் டவல் ஈரத்துல கனம் ஏறும், அதுக்கு லேபிளுக்குப் பின்னாடி ஒரு ட்வில் டேப்பை (கெட்டியா நெய்த துணி நாடா) சேத்து, முனை ரெண்டையும் டவலோட ஓர மடிப்புக்குள்ள விட்டு முன்னும் பின்னும் ரெண்டு தடவை அடிச்சுடுங்க.