அந்த ஜெபம் நடக்கவில்லை என்றால்?

கேள்வி: எனக்கு வயது 31. சிவதாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். மாமனாருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். இப்போது வாசிப்பது உலகத் தலைவர்களின் கடவுள் நம்பிக்கை பற்றிய ஒரு புத்தகம். ஜார்ஜ் வாஷிங்டன் போர்க்காலத்தில் பனியில் மண்டியிட்டு ஜெபம் செய்தார் என்று அதில் ஓர் அத்தியாயம். எனக்கே கண் கலங்கிவிட்டது. பிறகு போனில் தேடினால், அப்படி நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். "இப்படியே போனா நாளைக்கு ராமாயணமும் பொய்யின்னு சொல்லுவ" என்று எழுந்து போய்விட்டார். நாலு நாளாக வாசிப்பு நின்றுபோய்விட்டது. எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு, செவ்வாய்க்கிழமை தவறாமல் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். நான் செய்தது தப்பா? இந்த மாதிரிப் புத்தகங்களை எப்படித்தான் படிப்பது?

பதில்: தேடிப் பார்த்தது தப்பே இல்லை, தங்கச்சி. கண் கலங்க வைத்த ஒரு விஷயத்தை, இது நடந்ததுதானா என்று போய்ப் பார்க்கத் தோன்றியதே, அதுவே நீங்கள் அதை எவ்வளவு மதித்தீர்கள் என்று காட்டுகிறது. அக்கறை இல்லாதவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

நீங்கள் கண்டுபிடித்ததும் சரிதான். 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் வாஷிங்டனின் படை பசியிலும் நோயிலும் கிடந்து செத்துக்கொண்டிருந்தது, அது வரலாறு. அவர் தனியாகப் போய் மண்டியிட்டார் என்பதற்குத்தான் நம்பத்தக்க சாட்சி இல்லை. அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோனவர் மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்றவர், 1799-ல் வாஷிங்டன் இறந்ததும் அவர் வாழ்க்கையை எழுதி, பதிப்புக்குப் பதிப்பு புதுக் கதைகளைச் சேர்த்துக்கொண்டே போனார். செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட சின்னப் பையன் கதையைப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னார்களே, அதுவும் அவர் சேர்த்ததுதான். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நல்ல மனிதரைப் பற்றி இன்னும் நல்லதாக நாலு கதை சொன்னால் பிள்ளைகள் நல்லபடியாக வளரும் என்று நினைத்திருப்பார். ஆனால் பாருங்கள், இருநூறு வருஷம் கழித்து அந்தக் கதையால் சிவதாபுரத்தில் ஒரு வீட்டில் நாலு நாள் வாசிப்பு நின்றுபோகிறது.

இனி மாமா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது கோபத்தில் வந்த கேள்விதான், ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ராமாயணத்தை நாம் தேதி போட்ட ஆவணமாகப் படிப்பதில்லை, தலைமுறை தலைமுறையாகச் சொல்லியும் கேட்டும் வருகிறோம், அதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது தெரியும். இந்தப் புத்தகம் அப்படியில்லை. இன்ன வருஷம், இன்ன இடத்தில், இன்னார் இப்படிச் செய்தார் என்று அது சொல்கிறது. வருஷமும் இடமும் சொல்லிவிட்டால், உண்டா இல்லையா என்று கேட்பதற்கு வாசகருக்கு முழு உரிமை வந்துவிடுகிறது. பட்டறையில் உங்களுக்குத் தெரியாததா, சாமிக்கு முடிந்து வைத்த காசை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள், வியாபாரத்துக்கு வந்த வெள்ளியை எடை போடாமல் வாங்க மாட்டார்கள். வெள்ளியை எடை போடுவதால் சாமிக் காசுக்கு ஒன்றும் குறைந்துவிடுவதில்லையே.

இன்னொன்றும் மாமாவிடம் சொல்லலாம். 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதிய ராஜாஜி நம் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். அவர் பக்தியை யாரும் சந்தேகப்பட முடியாது. அவரே ராமாயணத்தைப் பட்டாபிஷேகத்தோடு முடித்துக்கொண்டார், உத்தர காண்டத்தை விரித்துச் சொல்லவில்லை, சீதையைக் காட்டுக்கு அனுப்பியதைத் தன் மனம் ஏற்கவில்லை என்றும் எழுதிவைத்தார். பக்தி உள்ளவர் ஒரு கதையின் ஓரிடத்தில் நின்று, இதை என்னால் ஏற்க முடியவில்லை என்று சொல்லலாம், அதனால் அவர் பக்தி போய்விடவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் வீடு. அம்மாப்பேட்டைத் தறிக்காரக் குடும்பம், அம்மா ஆடி மாதம் முழுக்க விரதம், அப்பா கறுப்புச் சட்டை. 1944-ல் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறிய மாநாடு இதே சேலத்தில்தான் நடந்தது, அதை அப்பா தன் கல்யாணத் தேதியைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு பேரும் அவரவர் தலைவர்களைப் பற்றி அவரவர் புத்தகங்களைப் படித்தார்கள், இரண்டு பக்கத்துப் புத்தகங்களிலும் அந்தத் தலைவர்கள் தப்பே செய்ததில்லை. நான் சின்ன வயதில் இரண்டையும் நம்பினேன், பிறகு இரண்டின் மேலும் கோபப்பட்டேன், ரொம்ப நாள் கழித்துத்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, அந்தத் தலைவரை மறுத்துப் பேசியவர் புத்தகத்தில் இருக்கிறாரா என்பதைத்தான். 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம், ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பேசினார். தாகூருக்குத் தாங்கவில்லை. இயற்கையில் நடப்பதற்கு இப்படிக் காரணம் கற்பிப்பது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று எழுதினார், தீண்டாமையை அவரும் வெறுத்தவர்தான். காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே போட்டார், பக்கத்திலேயே தன் பதிலையும் போட்டார், கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. காந்தியின் நம்பிக்கையைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒருவர் புத்தகம் போட்டு இதை விட்டுவிட்டால், அவர் எனக்குக் காந்தியைக் காட்டவில்லை, படத்துக்கு மாலை போட்டிருக்கிறார், அவ்வளவுதான். காந்தி சொன்னது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன், செத்துப்போன குழந்தைகள் யாரைத் தீண்டாமல் ஒதுக்கினார்கள்? ஆனால் அந்த மறுப்பைத் தன் கையாலேயே அச்சுக்குக் கொடுத்தாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

அப்புறம், நம்பிக்கைக்காக அந்தத் தலைவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்பேன். கும்பிட்டார், ஜெயித்தார் என்று முடிகிற அத்தியாயங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை, தோற்ற பக்கத்தில் யாரும் கும்பிடவே இல்லையா என்ன? ராஜாஜி 1937-ல் சென்னை மாகாண அரசுக்குத் தலைமை ஏற்றதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். குடி பாவம் என்று சொல்வது யாருக்கும் சுலபம். சாராய வருமானம் போனால் கஜானாவில் விழும் ஓட்டையை எப்படி அடைப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்து வியாபாரிகளின் கோபத்தையும் வாங்கிக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் நம்பிக்கைக்கு விலை கொடுக்கிறார். 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை உங்கள் பட்டறை மாதிரி இடங்களில் கட்டிவந்த விற்பனை வரிக்கு வேர் அங்கே இருக்கிறது. அதே மனிதர்தான் அதே காலத்தில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார், 1953-ல் பாதி நேரப் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்து, குலக்கல்வி என்று மாநிலமே கொதித்து, அடுத்த வருஷம் பதவியை விட்டார். பக்திமான் என்பதால் அதையெல்லாம் மன்னித்துவிட முடியாது, அதற்காக அவர் பக்தியைப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அவரை அரசியலில் நெடுங்காலம் எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது 93 வயதில் வந்து நின்று அழுதார், சாமி இல்லை என்றே கடைசிவரை சொன்னவர். அந்த இரண்டு பேரையும் முழுசாகக் காட்டுகிற புத்தகம் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பதவியில் இருக்கும்போதே ஒருவரைப் பற்றி வருகிற பக்திப் புத்தகங்களை மட்டும் நான் கொஞ்சம் ஆறப்போட்டுத்தான் படிப்பேன். எந்தக் கட்சிக்காரரானாலும் சரி.

சரி, வீட்டு விஷயம். மாமாவிடம் போனைக் காட்டித்தானே சொன்னீர்கள்? கண் தெரியாதவர், உங்கள் குரலை நம்பி உட்கார்ந்து கேட்டவர், மனதுக்குள் அந்தப் பனியையும் மண்டியிட்ட மனிதரையும் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மறுநாளே வந்து, அது இல்லையாம் மாமா என்றால், அவருக்குப் புத்தகம் பொய்யாகிப்போனதாகத் தோன்றியிருக்காது, தான் ஏமாளி ஆகிவிட்டதாகத் தோன்றியிருக்கும். விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். சொன்ன விதத்துக்காகக் கேளுங்கள், "எனக்கும் அழுகை வந்துச்சு மாமா, அதான் தேடினேன்" என்று அதையும் சேர்த்தே சொல்லுங்கள், அதை அவரிடம் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் புத்தகத்தையே தொடரலாம், நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வாஷிங்டன் போன இடத்தில் லிங்கனைக் கொண்டுவந்து வையுங்கள். 1865 மார்ச் மாதம், உள்நாட்டுப் போர் முடியப்போகிறது, ஜெயிக்கப்போவது தங்கள் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது, அந்த நேரத்தில் இரண்டாவது முறை பதவியேற்று அவர் பேசியது சின்னப் பேச்சுதான். இரண்டு பக்கமும் ஒரே பைபிளைத்தான் படிக்கிறோம், ஒரே கடவுளைத்தான் கும்பிடுகிறோம், இரண்டு பேர் வேண்டுதலும் பலித்திருக்க முடியாது, எவருடையதும் முழுசாகப் பலிக்கவில்லை என்கிறார். கடவுள் எங்கள் பக்கம் என்று சொல்லிக்கொள்ள எல்லா வசதியும் இருந்த நாளில் அதைச் சொல்லாமல் விட்டவர். இது ஆயிரம் பேர் கேட்க மேடையில் பேசியது, அச்சில் இருப்பது, சாட்சி தேட வேண்டியதில்லை. மாமாவுக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள்.

அவர் பேச ஆரம்பித்ததும், 1937-ல் இங்கே கள்ளுக்கடைகளை மூடியபோது அவருடைய அப்பா என்ன செய்துகொண்டிருந்தார், வீட்டில் அதைப் பற்றி என்ன பேச்சு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது அதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள், அவர் சொன்னபடியே.